துரை சொன்ன மூன்று வாக்கியங்கள்

“தலையை வேகவைக்கச் சொன்னாரா?”

“ஆமா ரோஸிம்மா. ‘கோ அண்ட் பாயில் யுவர் ஹெட்.’ ஒரு எழுத்து மாறல. அப்படியேதான் சொன்னாரு.”

“யாரோட தலையை?”

“என்னோடதுதான். அவரு தலையையா வேகவெக்கச் சொல்லுவாரு?”

அடுப்படியிலிருந்து சின்னத்தாயி அக்கா சிரித்தாள். “வேகவெச்சிருந்தா மட்டும் இன்னா ஆயிருக்கப் போவுது? உள்ள ஒண்ணும் இல்லாத பானை. சட்டுனு வெந்திருக்கும்.”

“நீ சும்மா இரு. பாப்பா யோசிக்குது.”

நான் யோசிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். மடியில் வைத்திருந்த நோட்டில் மூன்று வாக்கியங்களையும் எழுதி முடித்திருந்தேன். முதலாவது தலையை வேகவைப்பது. இரண்டாவது ‘ஸ்லிங் யுவர் ஹுக்.’ மூன்றாவது ‘டேக் அ ரன்னிங் ஜம்ப்.’ கொக்கியைத் தூக்கி மாட்டு, ஓடிப்போய்க் குதி. தமிழில் எழுதிப் பார்த்தபோது அவை மந்திரவாதிக் கதையில் அரக்கன் இடும் கட்டளைகள் போல இருந்தன.

தனக்கோடி அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் லேத் மெஷின் போடும் சத்தத்தைக் கேட்டே உளி மழுங்கிவிட்டது என்று சொல்லக்கூடியவர். போர்மன் பிராட்லி துரை திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என்ன சொன்னாரோ அதை அதே ஏற்ற இறக்கத்துடன், கடைசியில் துரை விட்ட பெருமூச்சு உட்பட, புதன்கிழமை மாலை என்னிடம் ஒப்பித்தார்.

நாங்கள் இருந்தது காக்ஸ் டவுனில், மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு வட்டாரத்தில். ஒரே காம்பவுண்டுக்குள் எட்டு வீடுகள், நடுவில் முற்றம், எல்லோருக்கும் ஒரே குழாய். முதல் வீட்டில் நானும் அம்மாவும். மூன்றாவது வீட்டில் தனக்கோடி அண்ணனும் அக்காவும் இரண்டு பெண் குழந்தைகளும். அம்மா மிஷன் பள்ளியில் தையல் டீச்சர். நான் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்துவிட்டு, கற்றுக்கொண்ட இன்ஸ்டிடியூட்டிலேயே காலை வகுப்புப் பெண்களின் விரல்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மீதி நேரமெல்லாம் வாடகைப் புத்தகங்கள்தான். ருஷ்யாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் தமிழுக்கு வந்த தடித்தடியான நாவல்கள். வட்டாரத்தில் இங்கிலீஷில் தந்தியோ நோட்டீஸோ எது வந்தாலும் என்னிடம் வரும்.

“சொல்லும்மா. இதுக்கெல்லாம் இன்னா அர்த்தம்? வேலையை விட்டுப் போன்னுதானே?”

“போன்னுதான் இருக்கும் அண்ணா. ஆனா விசாரிச்சுச் சொல்றேன்.”

“நல்லா விசாரி. அதுலதான் எல்லாம் கீது.”

அது உண்மைதான். அந்தத் திங்கட்கிழமை, வரைபடம் மாறியிருப்பதை யாரும் சொல்லாததால் பழைய அளவிலேயே அண்ணன் ஒரு பம்பு அச்சைக் கடைந்துவிட்டார். துரை வந்து அளந்து பார்த்தார். அண்ணன் தன் நியாயத்தைச் சொன்னார். மூன்றாவது தடவையும் சொன்னபோது துரை அந்த மூன்று வாக்கியங்களைச் சொன்னார். அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் போகவில்லை. புதன்கிழமை காலை கூட வேலை செய்யும் ஒருவர் வந்து, ‘துரை உன்னை எங்கேன்னு கேட்டாரு’ என்று சொன்னதும் ஓடினார். கேட்டில் டைம் ஆபீஸ்காரர் நிறுத்திவிட்டார். உன் நூற்றுப் பதினெட்டாம் நம்பர் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டுவிட்டது, நீயாகவே விட்டுப் போய்விட்டாய் என்றார்.

போகச் சொன்னது துரை என்றால் அது நீக்கம். விசாரணை இல்லாமல் நீக்க முடியாது, திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அவராகவே போனார் என்றால் ஒன்றுமே இல்லை. யுத்த காலத்திலிருந்து பதினான்கு வருடம் நின்ற மெஷின் முன்னால் இனி வேறு ஆள் நிற்பான். இப்படித்தான் யூனியன் காரியதரிசி சுந்தரேசன் சார் எனக்கு விளக்கினார். அவர் பகலில் இன்ஷூரன்ஸ் கம்பெனி கிளார்க். மாலையில் சைக்கிளில் பட்டறை பட்டறையாகப் போய் யூனியன் நடத்துகிறவர்.

“லேபர் ஆபீசருக்கு மனு போடணும்மா. இங்கிலீஷ்ல. நீதான் டைப் பண்ணித் தரணும். அந்த மூணு வார்த்தைக்கும் அர்த்தம் கரெக்டா போடு” என்றார்.

மனுவுக்கு விவரம் கேட்க மறுபடி மூன்றாம் வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் அது தெரிந்தது.

“துரை சொன்னதும் என்ன பண்ணீங்க அண்ணா? அப்படியே வந்துட்டீங்களா?”

“பில்லையைக் கழட்டி அவரு மேசை மேல வெச்சுட்டு வந்தேன்.”

பில்லை என்பது நம்பர் வெட்டிய பித்தளை வில்லை. காலையில் டைம் ஆபீஸில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மாலையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

“அவர் கேட்டாரா?”

“கேக்கறதுக்கு முன்னாடி வெச்சுட்டேன்.” குரல் மாறியது. “எங்கப்பா தங்கவயல் பக்கம் ஒரு காண்ட்ராக்டர்கிட்ட கீறப்போ, ஒரு நாள் போடான்னுட்டான். அப்பா போவல. கெஞ்சிக்கினு நின்னாரு. வாச்மேன் வந்து கழுத்துல இருந்த பில்லையை இழுத்தான். கயிறு அறுந்துச்சு, கழுத்தும் அறுந்துச்சு. சோறு எடுத்துக்கினு போன நான் பாத்துக்கினு நின்னேன். எங்க ஆளுங்க அதுக்கப்புறம் யாரும் பில்லையைப் பிடுங்க விடமாட்டாங்க. போன்னு ஒரு சொல்லு வந்தா, நாங்களே கழட்டி வெச்சுடுவோம். என் சித்தப்பா வெச்சாரு. மச்சான் வெச்சாரு.”

“மெட்டி கழட்டற மாதிரி” என்றாள் அக்கா. அவள் சிரிக்கவில்லை.

நான் படித்த நாவல்களில், வெளியே போ என்று சொல்லப்பட்ட மனிதர்கள் கத்துவதில்லை. கையுறையை மேஜைமேல் வைப்பார்கள். கோட்டை மாட்டிக்கொள்வார்கள். பனி பெய்யும் தெருவில் நேராக நடந்து போவார்கள். அந்தப் பக்கங்களில் நான் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் கூரையைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒருவர் எங்கள் வட்டாரத்தில், எங்கள் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

“மறுபடி சொல்லுங்க அண்ணா. மேஜைல எங்க வெச்சீங்க? மெதுவாவா?”

“மெதுவாத்தான். சத்தம் வரக் கூடாதுன்னு.”

அதையும் எழுதிக்கொண்டேன்.

அர்த்தம் கேட்க யூஜின் அங்கிளிடம் போனேன். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், ஆங்கிலோ இந்தியர். தெருக்கோடியில் ஓட்டு வீடு. மகள் ஆஸ்திரேலியாவுக்கு வரச் சொல்லிவிட்டாள். கூடம் முழுவதும் டிரங்குப் பெட்டிகள் திறந்து கிடந்தன. பீங்கான் தட்டுகளைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டே நோட்டை வாங்கிப் படித்தவர், பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஓ, பிராட்லியா? அவன்தான் இப்படிப் பேசுவான். இதெல்லாம் லண்டன் தெருப் பேச்சு, சைல்ட். மூணும் ஒண்ணுதான். போய்த் தொலை.”

“கொக்கி எங்கேர்ந்து வந்தது அங்கிள்?”

“கப்பல்காரன் பேச்சுன்னு சிலர் சொல்வாங்க. நங்கூரத்தைத் தூக்கிக்கிட்டுக் கிளம்புன்னு. யாருக்கும் சரியாத் தெரியாது. குதிக்கிறது ஏரியிலயும் குதிக்கலாம், மலை மேலேர்ந்தும் குதிக்கலாம், உன் இஷ்டம். தலையை வேகவைக்கிறது ரொம்பப் பழசு. எங்கப்பா என்கிட்ட வாரத்துக்கு ரெண்டு தடவை சொல்வாரு. நீங்க தமிழ்ல என்ன சொல்வீங்க?”

“நடையைக் கட்டு. இடத்தைக் காலி பண்ணு.”

“அதே. எல்லா ஊர்லயும் மனுஷனை அனுப்ப ஒரு இடம் வெச்சிருக்காங்க, பாரு.”

மொழிபெயர்ப்பு நாவல்களில் ‘பிசாசிடம் போ’ என்று வரும்போதெல்லாம் நான் இருட்டான ஒரு நாட்டைக் கற்பனை செய்திருந்தேன். அங்கேயும் யாரோ ஒரு போர்மன்தான் கத்தியிருக்கிறான் என்று இப்போது தோன்றியது.

“அப்போ இது வேலையை விட்டு நீக்கறதுதானே அங்கிள்? இந்த மூணுக்கும் ‘போய்விடு’ன்னு அர்த்தம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றீங்களா?”

எழுதித் தந்தார். பேனாவை மூடும்போது தலையை ஆட்டினார்.

“ஆனா ஒண்ணு சொல்றேன். இதைச் சொன்னா யாரும் போறதில்லை. அதுதான் இதுல விஷயம். கண் முன்னாடி நிக்காதேன்னு அர்த்தம். டிபன் சாப்பிட்டுட்டுத் திரும்பி வந்து மெஷினைப் போடணும், அவனும் ஒண்ணும் நடக்காத மாதிரி சிகரெட் கேப்பான். நிஜமாவே உன்னை அனுப்பணும்னா வெள்ளைக்காரன் கத்தமாட்டான். குரலை இறக்குவான். ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’னு வருத்தப்படற மாதிரி ஆரம்பிப்பான். அப்போதான் பயப்படணும். இந்த ஆளு திட்டுக்குப் போய் கீழ்ப்படிஞ்சுட்டானே, பாவம்.”

நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். கையெழுத்துப் போட்ட காகிதம் கையில் இருந்தது. அவர் கடைசியில் சொன்னதை நான் கேட்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை சுந்தரேசன் சார் வந்து நின்றபடியே மனுவில் என்னென்ன வர வேண்டும் என்று சொன்னார். பதினான்கு வருடச் சேவை. மூன்று வாக்கியங்கள். அவற்றின் அர்த்தம், யூஜினின் சாட்சி. பிறகு விரலை உயர்த்தினார்.

“பில்லை விஷயம். பில்லை கம்பெனியிலே இருக்குன்னு மட்டும் போடு. அது அங்க எப்படிப் போச்சுன்னு நாம சொல்ல வேணாம். அவங்க சொல்லட்டும், நிரூபிக்கட்டும். புரியுதா?”

“புரியுது சார்.”

புரிந்துதான் இருந்தது. இன்ஸ்டிடியூட்டில் பெண்கள் போன பிறகு, ஜன்னலோரம் இருந்த மெஷினில் உட்கார்ந்து அடித்தேன். முதல் பக்கம் வறட்டு மனுவாக வந்தது. தனக்கோடி, வயது நாற்பத்தொன்று, டர்னர். படித்தால் யாருக்கும் அவர் முகம் தெரியாது. இதைப் படிக்கிற ஆபீசர் எத்தனை தனக்கோடிகளைப் படித்திருப்பார்? ஒரு வரி, ஒரே ஒரு வரி அவரை நிமிர்ந்து உட்கார வைத்தால் போதும், எல்லாம் மாறிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அந்த வரி தானாகவே வந்தது. ‘அவர் தம் பித்தளைப் பில்லையைத் தாமே கழற்றி, போர்மனின் மேஜைமேல் ஓசையின்றி வைத்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல், திரும்பிப் பார்க்காமல், பதினான்கு வருடங்களைக் கடந்து வெளியே நடந்தார்.’ இங்கிலீஷில் அது இன்னும் அழகாக இருந்தது. அடித்து முடித்து மூன்று தடவை வாய்விட்டுப் படித்தேன்.

திங்கட்கிழமை சுந்தரேசன் சார் ஆபீசுக்குப் போகிற அவசரத்தில் முதல் பக்கத்தைப் படித்தார். “பேஷ்” என்றார். இரண்டாம் பக்கத்தின் அடியில் அண்ணன் தமிழில் கையெழுத்துப் போட்டார். எழுத்துக் கூட்டிப் போட ஒரு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் சார் காகிதத்தை மடித்துப் பையில் வைத்து சைக்கிளில் ஏறிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து விசாரணை வந்தது. லேபர் ஆபீசரின் அறையில் நீள மேஜை ஒன்று, ஒரு பக்கம் நாங்கள், எதிரே பிராட்லி துரையும் கம்பெனிக் கிளார்க்கும். துரையை நான் பூதம் போல எதிர்பார்த்திருந்தேன். அவர் வழுக்கைத் தலையும் சிவந்த மூக்கும் உள்ள சிறிய மனிதர். அண்ணனைப் பார்த்ததும் “ஹலோ, ஒன் எய்ட்டீன்” என்றார். அண்ணன் எழுந்து நின்று சலாம் வைத்தார்.

ஆபீசர் கன்னடக்காரர், பொறுமையானவர். பேச்சு முழுவதும் இங்கிலீஷில்தான் நடந்தது. யூஜின் எழுதியதைப் படித்துவிட்டு, இந்த மூன்றையும் சொன்னீர்களா என்று துரையிடம் கேட்டார். சொன்னேன் என்றார் துரை. அர்த்தம் இதுதானா? இதுதான். சுந்தரேசன் சார் மேஜைக்கடியில் என் பக்கம் கட்டை விரலை உயர்த்தினார்.

“ஆனால் இதை நான் ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்கிறேன்” என்றார் துரை. “இதோ இருக்கிறாரே கிளார்க், இன்று காலை காரில் வரும்போதுகூட இவரிடம் தலையை வேகவைக்கச் சொன்னேன். பாருங்கள், பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.”

கிளார்க் கூச்சத்துடன் சிரித்தார். ஆபீசரும் சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகு, பில்லை கம்பெனிக்கு எப்படி வந்தது என்று கேட்டார்.

துரை நேர்மையானவராகவே இருந்தார். “எனக்குச் சரியாகத் தெரியாது. நான் டிராயிங்கைத் தேடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மேஜைமேல் இருந்தது. யார் வைத்தார்கள் என்று பார்க்கவில்லை. டைம் ஆபீஸுக்கு அனுப்பிவிட்டேன்.”

சுந்தரேசன் சார் பாய்ந்து எழுந்தார். “பார்க்கவில்லை என்கிறார். இவர் விருப்பத்தோடு ஒப்படைத்தார் என்பதற்குக் கம்பெனியிடம் சாட்சியே இல்லை. விதியின்படி, வேலை நேரத்தின் நடுவில் தானாகப் பில்லையை ஒப்படைத்தால்தான் விலகியதாகக் கொள்ளலாம்.”

“சாட்சி இருக்கிறது” என்றார் ஆபீசர். மனுவின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். “உங்கள் மனுவிலேயே.”

படித்தார். என் வரியை, என் காற்புள்ளிகளில் எல்லாம் நின்று, நன்றாகவே படித்தார். ஒரு தடவை முடித்துவிட்டு, சட்டப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். அறையில் விசிறி சுற்றியது. சுந்தரேசன் சார் மெல்ல உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பி, “ஏம்மா?” என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

ஆபீசருக்கு மனம் இளகியிருக்க வேண்டும். சட்டத்தை விடுங்கள், பழைய ஆள், திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று துரையிடம் கேட்டார். துரை அண்ணனைப் பார்த்தார். கிளார்க் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். துரை தொண்டையைச் செருமிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“ஐ ஆம் அஃப்ரெய்ட்” என்று ஆரம்பித்தார்.

அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். மிகவும் வருந்துகிறார். ஒன் எய்ட்டீன் நல்ல டர்னர். அவருக்கு எல்லா நலமும் வேண்டுகிறார். எழுந்து வந்து அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணன் இரண்டு கைகளாலும் அந்தக் கையைப் பற்றிக்கொண்டு, ஏதோ கிடைத்துவிட்டது போல என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வெளியே வந்ததும் சுந்தரேசன் சார்தான் அவருக்குச் சொன்னார். “முடிஞ்சு போச்சு தனக்கோடி. ஒண்ணும் பண்ண முடியலை.” ஏன் என்று அண்ணன் கேட்கவில்லை. சார் காரணமும் சொல்லவில்லை. என்னைப் பார்க்காமலே, ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். மத்தியான வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது. நான் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு மரத்தடியிலும் நினைத்தேன். ‘அண்ணா, நான்தான்’ என்ற இரண்டு வார்த்தைகளுக்கு மேல் தேவையில்லை. தமிழில் எனக்கு அவை வரவில்லை.

“அவளுக்கு இன்னா சொல்றதுன்னுதான் பேஜாரா கீது” என்றார் அண்ணன். “காலையில மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி வாங்கி வெச்சிருக்கா. நாங்க கோயிலுக்குப் போறவங்களே இல்ல. உங்கம்மா சொல்லிக் குடுத்தாங்களாம்.”

தெருவைக் கடந்தோம்.

“துரை மேல எனக்குக் கோவம் இல்ல. கை குடுத்தாரு பாத்தியா? பதினாலு வருசத்துல ஒரு நாளும் கை குடுத்ததில்ல.”

“ஆமா அண்ணா.”

“அந்த ஆபீசரு ஒரு இடத்தை ரெண்டு தரம் படிச்சாரே. அது நீ எழுதினதா?”

“ஆமா.”

“என்னைப் பத்தியா?”

“உங்களைப் பத்தித்தான்.”

அவர் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரைப் பார்த்தவர் போல.

“நல்லா எழுதியிருக்கே போல. எல்லாரும் கம்முனு ஆயிட்டாங்க. துரைகூடத் தலையைக் குனிஞ்சுக்கினாரு. நான் பாத்தேன்.”

பஸ் ஸ்டாப்பில் யாரும் இல்லை. என் கைப்பையில் மனுவின் கார்பன் காப்பி இருந்தது. அந்த வரிக்காகத்தான் அதை வைத்திருந்தேன். பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

“யஷ்வந்த்பூர் பக்கம் ரெண்டு மூணு ஒர்க்‌ஷாப் புதுசா வந்திருக்குதாம்” என்றார். “நாளைக்குப் போலாம்னு கீறேன். எல்லாரும் காகிதம் கேக்கறாங்க, எங்க வேலை செஞ்சே, எப்படிப்பட்ட ஆளுன்னு. எங்கிட்ட இன்னா கீது? இங்கிலீஷ்ல என்னைப் பத்தி எழுதினது அது ஒண்ணுதான். ரோஸிம்மா, அதுல எனக்கு ஒரு காப்பி குடேன். போற எடத்துல எல்லாம் காட்டறேன்.”